எழுத்தாணி நின்ற இடம்

இயந்திரத்துக்கு மனம் உண்டாகுமா என்னும் வினாவை, மேல்நாட்டார் தம் ஆராய்ச்சிச் சாலைகளில் எழுப்பி நமக்கு அனுப்பிவைத்த புதுச் சரக்கென்றே இக்காலத்தில் பலரும் கருதுகின்றனர். கணிப்பொறி பேசுகிறது, கேட்ட கேள்விக்கு விடை எழுதுகிறது, கவிதையும் புனைகிறது என்றதும் எழுந்த வியப்பில் அவ்வாறு கருதுவது இயல்பே. ஆயினும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில், அவ்வினாவுக்கு ஆணிவேரான மற்றொரு வினா ஆயிரம் ஆண்டுகளாக வாதிக்கப்பட்டு வந்திருக்கிறது. உறுப்புகள் பல கூடி ஒழுங்காக இயங்கும் ஒரு பொருளினுள், அவ்வியக்கத்துக்கு அப்பால், 'நான்' என்று தன்னை உணரும் ஒருவன் இருக்கிறானா, இருப்பின் அவனுடைய அடையாளம் யாது என்பதே அவ்வினா. திருவரங்கத்தின் வரலாற்றைக் கோபுரங்களாலும் மதில்களாலும் மட்டும் அளப்பவர்களுக்கு இவ்வாத வரலாறு கண்ணில் படுவதில்லை.

அவ்வாதத்தை இவ்வூரில் சாத்திரமாக நிலைநாட்டியவர் ஆளவந்தார். நாதமுனிகளின் பேரரான அவர், இளம்பருவத்திலேயே அரசவையில் ஆக்கியாழ்வானை வாதில் வென்று, பாதி ராஜ்யத்தைப் பரிசாகப் பெற்று, ராஜபோகத்தில் அமிழ்ந்திருந்தார் என்று குருபரம்பரை கூறும். அவரை அரங்கத்துக்கு மீட்க விரும்பிய மணக்கால் நம்பி, அரண்மனைக் காவலைக் கடக்க வேறு வழி காணாமல், மடைப்பள்ளிக்குத் தூதுவளைக் கீரையை நாள்தோறும் கொண்டுவந்து கொடுத்தாராம். பல மாதம் அவ்வாறு கொடுத்துவந்து, பின்னர் ஒருநாள் அதனை நிறுத்திவிடவே, உணவில் கீரையைக் காணாத ஆளவந்தார் காரணம் வினவி, கொடுத்தவரை அழைத்துவரச் சொன்னார். அவ்வழைப்பே அவரைத் திருவரங்கத்தில் கொண்டு சேர்த்தது. அங்கிருந்து அவர் அருளிய சித்தித்ரயம் என்னும் வடமொழி நூலின் ஒரு பகுதி ஆத்மசித்தி. உடல், இந்திரியங்கள், மனம், பிராணன், புத்தி ஆகிய ஐந்தினும் வேறானது ஆத்மா என்பதும், பிறிதொன்றின் துணையின்றித் தானே விளங்குவது அது என்பதும் அந்நூலின் முடிபு.

அவர் மறுக்கப் புகுந்த எதிர்க்கட்சி எளிதில் தள்ளத்தக்கதன்று. வெற்றிலையில் சிவப்பில்லை, பாக்கிலும் சுண்ணாம்பிலும் அச்சிவப்பில்லை, மூன்றும் வாயில் கூடி மெல்லப்பட்டபோது சிவப்புத் தோன்றுகிறதன்றோ? அதுபோலவே நிலம், நீர், தீ, காற்று என்னும் ஜடப்பொருள்கள் தக்கவாறு கூடியபோது அறிவு தோன்றுகிறது. கூட்டம் கலைந்தபோது மறைகிறது. இதற்கு ஆத்மா என்று தனியொன்று எதற்கு என்று லோகாயதர் கேட்டனர். மூளையின் நரம்பணுக்கள் கோடிக்கணக்கில் கூடியதால் அறிவு பிறந்தது. அவ்வாறே மின்னணுக் கருவிகளும் போதிய அளவு கூடுமாயின் அறிவு பிறக்கும் என்று இன்றைய அறிஞர் சிலர் கூறுவதும் இந்தத் தாம்பூல வாதத்தின் மறுபதிப்பே. ஆளவந்தார் முதலான ஆசாரியர்களின் விடை, கூட்டத்தை ஆராய்வதில் தொடங்கவில்லை; காண்பவனிடத்தில் தொடங்கியது. உடல் 'இது' என்று சுட்டப்படுகிறது. கண்ணும் காதும் 'என்னுடையவை' என்று உரைக்கப்படுகின்றன. மனமும் 'என் மனம் கலங்கிற்று' என்று அயலாக நிறுத்திப் பேசப்படுகிறது. இவ்வாறு சுட்டுகின்றவன் சுட்டப்படும் பொருள்களுள் ஒன்றாய் அடங்குவது எங்ஙனம் என்பது அவர்கள் கேள்வி. சிவந்த வாயைக் காண ஒருவன் வேண்டும் என்பதை லோகாயதர் மறந்தனர் என்பதே என் கருத்துமாகும்.

இம்மரபில் மனத்துக்குக் கிடைத்த இடம் இன்றைய வாசகனைத் திகைக்க வைக்கும். சித்து, அசித்து, ஈசுவரன் என்னும் மூன்று தத்துவங்களையும் பகுத்துத் தமிழ் கலந்த மணிப்பிரவாள நடையில் சூத்திரமாகத் தொகுத்தவர், திருவரங்கத்து வீதியில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர். அவருடைய தத்வத்ரயம் மனத்தைச் சித்தின் பக்கம் வைக்கவில்லை. பிரகிருதியிலிருந்து மகத்தும், மகத்திலிருந்து அகங்காரமும், அதன் சாத்விகக் கூற்றிலிருந்து பதினோராவது இந்திரியமாக மனமும் பிறக்கின்றன. ஆகவே மனம் கண்போல, கைபோல ஒரு கருவி. மண்ணும் நீரும் சேர்ந்த அசித்தின் இனத்தது. நினைத்தல், ஐயுறுதல், துணிதல் முதலிய வேலைகள் அக்கருவியின் துணைகொண்டு நடைபெறுகின்றன. அவற்றால் அறிகின்றவனோ வேறு. அசித்து எவ்வளவு நுட்பமாயினும் பிறர்க்கே தோன்றுவது. சித்து தனக்குத் தானே தோன்றுவது. விளக்கு அறை முழுவதையும் ஒளி செய்தாலும், தான் எரிவதை அது அறியாது.

எனவே, மனம் செய்யும் வேலையை ஓர் இயந்திரம் செய்கிறது என்று இன்று நாம் கூறினால், லோகாசாரியரின் திண்ணையில் அமர்ந்து காலட்சேபம் கேட்டவர்கள் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள். ஒரு கருவி செய்வதை மற்றொரு கருவி செய்வதில் வியப்பென்ன என்று கேட்டிருப்பர். அவர்களுடைய கேள்வி அதற்குப் பின்னரே தொடங்கும்: அவ்வேலை யாருக்கு நடக்கிறது?

இந்த இடத்தில், திருவரங்கத்து வரலாற்றிலேயே இவ்வினாவை மிக அருகில் தொட்டுச் செல்லும் ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பிரம்மசூத்திரத்துக்குப் பாஷ்யம் செய்வதாக ஆளவந்தாரின் சரம திருமேனியின் முன் உறுதி பூண்ட இராமாநுசர், அதற்கு ஆதாரமான போதாயன விருத்தியைத் தேடிக் காசுமீரம் சென்றார். உடன் சென்றவர் கூரத்தாழ்வான். காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராயிருந்து, செல்வத்தையெல்லாம் துறந்து, மனைவி ஆண்டாளுடன் அரங்கம் வந்து சேர்ந்தவர் அவர். கிடைத்த ஏட்டை அவ்வூர்ப் பண்டிதர்கள் நடுவழியில் பறித்துக்கொண்டு போய்விடவே, இராமாநுசர் மனம் நொந்து நின்றார். அப்போது கூரத்தாழ்வான், தேவரீர் கண்வளர்ந்த இரவுகளில் அடியேன் அதனைப் படித்து நெஞ்சில் இருத்தியிருக்கிறேன் என்று விண்ணப்பித்தார் என்பது வரலாறு. ஒரு பெருநூல் முழுவதும் ஒருவர் நினைவில் நின்றது. இன்று இயந்திரத்தின் பெருமையாக நாம் பேசும் நினைவாற்றல், அன்று ஆழ்வானின் பெருமைகளில் சிறியதாகவே எண்ணப்பட்டது; அவர் செயல்களில் இம்மரபு பெரிதும் போற்றி நினைவில் வைத்தது பிறிதொன்றை.

அரங்கம் மீண்டபின் ஸ்ரீபாஷ்யம் எழுதும் பணி தொடங்கிற்று. இராமாநுசர் சொல்லச் சொல்ல ஆழ்வான் ஓலையில் எழுத வேண்டும். சொல்வது தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசாரியரே விதித்த ஏற்பாடு. நாள்கள் கடந்தன, எழுத்தாணி நிற்கவில்லை. ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைக் கூறும் இடம் வந்தபோது, அறிபவனாயிருத்தலே அவன் ஸ்வரூபம் என்னும் பொருள்பட இராமாநுசர் அருளிச்செய்தார். எழுத்தாணி நின்றது. ஆசாரியர் மேலே சொன்னார். ஆழ்வானின் கை அசையவில்லை. பாஷ்யத்தை நீரே செய்துகொள்ளும் என்று வெகுண்டு இராமாநுசர் எழுந்துபோனார். சினத்தில் சீடரைக் காலால் தள்ளினார் என்றும் கூறுவர். உடனிருந்தோர் பதறி, இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டபோது, தாம் ஆசாரியரின் உடைமை என்றும், உடைமையை எடுப்பதும் எறிவதும் உடையவர் இட்ட வழக்கே என்றும் ஆழ்வான் அமைதியாக விடையிறுத்தார். தனித்திருந்து சிந்தித்த இராமாநுசர், அறிவைக் கூறிய தாம் இறைவனுக்கு அடிமையாயிருத்தல் என்னும் சேஷத்வத்தைக் கூறாது விட்டதை உணர்ந்து, திரும்பிவந்து, சீடரை வருந்தி அழைத்து, மேலும் எழுதச் செய்தார்.

இந்நிகழ்ச்சியைச் சிஷ்ய பக்திக்கு உதாரணமாகவே பெரும்பாலும் பேசுகிறார்கள். அதனினும் பெரிதொன்று இதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அறிவு மட்டுமே ஆத்மாவுக்கு அடையாளமென்றால், விருத்தி முழுவதையும் ஒப்பிக்க வல்ல எதுவும் அவ்வடையாளத்துக்கு உரிமை கோரலாம். பிறர்க்கு உரியதாயிருத்தல் மட்டுமே அடையாளமென்றால், ஓலையும் எழுத்தாணியுமே அதற்கு முதல் உரிமை பெறும்; சொன்னதை மறுக்காது செய்வன அவையன்றோ? ஆழ்வானிடத்தில் இவ்விரண்டும் ஒன்றாய் நின்றன. தன்னை மற்றொருவரின் உடைமையென்று உணர்ந்த ஒருவர், அவ்வுணர்ச்சியின் காரணமாகவே, உடையவரின் சொல்லை எழுத மறுத்தார். எறியப்பட்டபோது அவருக்கு வலித்திருக்கும், வலித்தும் அமைதியாயிருந்தார். தனக்கென ஏதோ ஒன்று பொருட்டாகும் ஒருவனுக்கே இந்நிலை கூடும். பிற்காலத்தில், ஆசாரியரைக் காப்பதற்காக அவருடைய காவியுடையைத் தாம் அணிந்து சோழன் அவைக்குச் சென்று கண்களை இழந்தபோதும், ஆழ்வானிடத்தில் ஓர் இந்திரியம் குறைந்ததேயன்றி ஆழ்வான் குறையவில்லை.

சித்தையும் அசித்தையும் இத்தனை நுட்பமாகப் பிரித்த ஊரே, சுதையிலும் உலோகத்திலும் அமைந்த திருமேனியைப் பேசும், கேட்கும், உறங்கும் ஒருவராகப் பாவித்து நாள் முழுவதும் உபசரிக்கும் ஊருமாகும். விடியலில் யானையும் பசுவும் சந்நிதிக்கு முன் நிற்கத் திரை விலகி விசுவரூபம் சேவையாகிறது. அரையர்கள் பெருமாளைக் கேட்பவராக வைத்துப் பாசுரம் இசைக்கின்றனர். 1323ஆம் ஆண்டில் தில்லிப் படை அரங்கத்தின்மேல் பாய்ந்தபோது, தள்ளாத முதுமையிலிருந்த பிள்ளை லோகாசாரியர் உற்சவத் திருமேனியை மறைத்து எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கிச் சென்று, மதுரைப் பக்கத்து ஜோதிஷ்குடியில் உயிர்நீத்தார். வேதாந்த தேசிகரோ, சுதர்சன சூரி ஸ்ரீபாஷ்யத்துக்கு எழுதிய சுருதப்பிரகாசிகை உரை ஏட்டையும் அவருடைய இரு புதல்வரையும் பிணங்களுக்கு இடையே மறைந்திருந்து காத்தார் என்று மரபு கூறும். அசித்தின் இலக்கணத்தை எழுதிய கையே உலோகத் திருமேனியைச் சுமந்துசென்றது முரண்பாடு என்று சிலர்க்குத் தோன்றலாம். சித்து தானாக அசித்திலிருந்து முளைப்பதில்லை என்பதே அவர் கொள்கை. எந்தப் பொருளிலும் அது வந்து உறையக்கூடாது என்பது அவர் கொள்கையன்று. அர்ச்சாவதாரத்தில் இறைவன் தானே விரும்பி வந்து எழுந்தருளுகிறான் என்பது அவர் விசுவாசம்.

திருமேனி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஊர் ஊராக அலைந்து 1371இல் விஜயநகரப் படைத்தலைவர் கோபணாரியரின் உதவியால் அரங்கம் மீண்டபோது, இடைக்காலத்தில் வேறொரு திருமேனி பூசையில் இருந்தமையால், இவ்விரண்டில் பழையவர் எவர் என்ற ஐயம் எழுந்தது. கண்ணால் பார்த்துத் தெளிய முடியவில்லை. திருமஞ்சன ஆடையைப் பிழிந்த ஈரவாடைத் தீர்த்தத்தைக் கொண்டு, பார்வையிழந்த முதிய வண்ணார் ஒருவர், இவரே நம்பெருமாள் என்று உரைத்ததாகக் கோயிலொழுகு கூறுகிறது. புறத்தோற்றம் ஒத்திருந்த இரண்டினுள் வேறுபாடு கண்டது, நெடுநாள் பணிவிடை செய்து பழகிய ஒருவரின் அறிவு. அத்தகைய பழக்கம் நமக்கு இன்றைய இயந்திரங்களோடு இன்னும் ஏற்படவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

மேல்நாட்டில் இயந்திரத்தின் மனம் பற்றிய ஆராய்ச்சிக்கு அடிகோலிய ஆலன் தூரிங், 1950இல் 'மைண்ட்' என்னும் ஏட்டில் எழுதிய கட்டுரையில், எழக்கூடிய ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்து விடை கூறினார். அவற்றுள் ஒன்று சமயவாதிகளின் ஆட்சேபம்: சிந்தனை அழியாத ஆன்மாவின் தொழில், இறைவன் மனிதர்க்கே ஆன்மாவை அளித்தான், விலங்குக்கோ இயந்திரத்துக்கோ அளிக்கவில்லை என்பது. இறைவன் யானைக்கு ஆன்மா அருளத் திருவுளம் கொண்டால் தடுப்பவர் யார் என்று தூரிங் திருப்பிக் கேட்டார். பிள்ளை பெறுவோர் ஆன்மாவைப் படைப்பதில்லை, அது வந்து வாழ இல்லம் அமைத்துத் தருகின்றனர், இயந்திரம் செய்வோரும் அவ்வளவே என்றும் எழுதினார். கிறித்தவ உலகுக்குக் கூர்மையாகத் தைத்திருக்கக்கூடிய இந்த யானை உதாரணம் திருவரங்கத்தில் தைக்காது. சித்திரைப் பௌர்ணமியன்று நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருள, ஆண்டுதோறும் கஜேந்திர மோட்சம் அங்கே கொண்டாடப்படுகிறது. யானை மட்டுமன்று, புல்லும் புழுவும் ஜீவன் உறையும் உடல்களே என்பது இவ்வூர்க் கொள்கை. கல்லாய்க் கிடந்த அகலிகையையும், தன்னுடன் தன் தயிர்த்தாழிக்கும் மோட்சம் கேட்டுப் பெற்ற ததிபாண்டனையும் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள், உலோகத்துக்கு ஆன்மா வாய்க்கவே வாய்க்காது என்று தூரிங்கோடு சண்டையிடத் தேவையில்லை. வேலையின் திறமையைக் கொண்டு ஆன்மாவின் இருப்பைத் தீர்மானிக்கலாகுமா என்பதில்தான் அவரோடு அவர்களுக்கு வழக்கு.

காவிரியின் தென்கரையிலும் இவ்வினா உறங்கவில்லை. விஜயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) திருச்சிராப்பள்ளியில் அரசு செலுத்திய காலத்தில், அரண்மனைக் கணக்கு அதிகாரியாயிருந்தவர் தாயுமானவர். நாள் முழுவதும் வரவும் செலவும் கூட்டிக் கழித்த அவர், மலைக்கோட்டையில் மௌனகுருவைக் கண்டடைந்தபோது பெற்ற உபதேசம் சும்மா இரு என்பது. மதயானையையும் கொடுவிலங்குகளையும் வசப்படுத்திவிடலாம், மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதே அரிது என்று அவர் பாடினார். கணக்கிடும் ஆற்றலை மனத்தின் சிகரமென்று கருதும் இக்காலத்தார், கணக்கையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர் அக்கணக்கு ஓய்ந்த நிலையில் தம்மைக் கண்டார் என்பதைச் சற்று நிதானித்து எண்ணிப்பார்க்க வேண்டும்.

பின்னர் இயந்திர யுகம் இந்நகருக்கு வந்தது. தென்னிந்திய ரயில்வேயின் தொழிற்சாலை நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் பொன்மலைக்கு மாறிற்று. ஆயுத பூசையன்று அங்கே கடைசல் இயந்திரத்துக்கும் நீராவி எஞ்சினுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரிகடலை படைத்து, பூசணிக்காய் உடைக்கும் வழக்கம் வேரூன்றியது. அப்பூசை செய்த தொழிலாளி இயந்திரத்துக்கு மனம் உண்டென்று நம்பியதாகக் கொள்ள வேண்டுவதில்லை. தனக்குச் சோறிட்ட கருவிக்கு அவன் மரியாதை செய்தான்.

இயந்திரத்துக்கு மனம் வாய்த்தால் எப்படியிருக்கும் என்று தமிழ் மக்கள் அனைவரையும் எண்ண வைத்தவரும் திருவரங்கத்துப் பிள்ளையே. பாட்டியின் வீட்டில் வளர்ந்து, 1883இல் நாகையிலிருந்து திருச்சிக்கு மாறிய புனித வளனார் கல்லூரியில் பௌதிகம் படித்த ரங்கராஜன், சுஜாதா என்ற பெயரில் ஆனந்த விகடனில் 1980களில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். அக்கதையில் ஜீனோ என்னும் இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, தானே கற்கிறது, யோசனை கூறுகிறது, வாசகரின் அன்பையும் பெற்றுவிடுகிறது. நாட்டை ஆளும் தலைவனோ வெறும் தோற்றமாக உருவாக்கப்பட்ட பிம்பம் என்று தெரியவருகிறது. மனம் உண்டென்று நாம் ஐயுறாத இடத்தில் ஒருவருமில்லை. இல்லையென்று எண்ணிய இடத்தில் ஒருவர் இருப்பது போலிருக்கிறது. இதே ஆசிரியர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்குவதில் முன்னின்றவர் என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். பதிந்ததைப் பதிந்தவாறே காத்தலும், தனக்கென ஒரு கருத்தும் இல்லாதிருத்தலுமே அவ்வியந்திரத்தின் நற்குணம்.

இன்றைய எழுதும் இயந்திரங்களும் சில சமயம் நின்றுவிடுகின்றன. இதை எழுதமாட்டேன் என்று மறுக்கின்றன. ஆழ்வானுக்கும் நிறுத்தும்படி கட்டளை முன்னரே தரப்பட்டிருந்தது. ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டு மறுப்பும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். என் முடிபு இது: மனம் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை இயந்திரம் செய்யும், அதனால் மட்டும் அதனுள் அறிபவன் ஒருவன் இருக்கிறான் என்று நிறுவப்பட்டதாகாது, அவ்வாறு ஒருவன் இருப்பதற்குரிய சான்று இன்றுவரை நம் கையில் இல்லை. ஒருகாலும் வரமுடியாது என்று கதவைத் தாழிடவும் ஆசாரியர்களின் நூல்கள் நமக்கு அதிகாரம் தரவில்லை.

ஆத்மசித்தி நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. வாதம் நடுவிலேயே அறுபட்டு நிற்கிறது. எஞ்சிய பகுதியும், தத்வத்ரயமும், ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அதிகரணமும் வடமொழியும் மணிப்பிரவாளமும் அறிந்த சிலரிடத்தில் மட்டும் தங்கியிருக்கின்றன. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கித் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக வளர்ந்துள்ள துவாக்குடிக் கல்விச்சாலையில் அறிவியந்திரம் பயிலும் மாணவர்கள், தம் நகரத்துக்கு அருகிலேயே இவ்வாதம் நடந்ததென்று அறியாமல் பட்டம் பெற்றுப் போகிறார்கள். திருவரங்கத்து வித்துவான்களும் அக்கழகத்து ஆசிரியர்களும் கூடியமர்ந்து, இந்நூற்பகுதிகளை மாணவன் படித்து வாதிடத்தக்க தெளிந்த தமிழில் உரையுடன் ஒரே புத்தகமாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.